பழைய தாமான் வீட்டு மின்சாரம்: பழுதைக் கண்டறிவதும் நல்ல வயர்மேனைப் பிடிப்பதும்

தீபாவளிக்கு முந்தின நாள் விடியற்காலை. கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் உள்ள எங்கள் ஒற்றை மாடி வீட்டின் சமையலறையில் அம்மா உளுந்து அரைத்துக்கொண்டிருந்தார். மாவைத் தள்ளிவிடுவதற்காக ஈரக் கையோடு கிரைண்டரின் எவர்சில்வர் பாத்திரத்தைத் தொட்டவர், கையை உதறிக்கொண்டு சுவரோரம் சாய்ந்துவிட்டார். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தார். மின்சாரப் பெட்டியில் எந்தச் சுவிட்சும் விழவில்லை. அதுதான் எனக்கு நடுக்கத்தைக் கொடுத்தது. ஏனென்றால் ஒரு மாதத்துக்கு முன்புவரை அதே சுவிட்ச் மழை பெய்தாலே விழுந்துகொண்டிருந்தது. அப்போது ஒருவரை அழைத்திருந்தோம். அவர் பெட்டியைத் திறந்தார், கால் மணி நேரத்தில் எதையோ மாற்றினார், "இனி விழாது" என்று சொல்லிக் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். சொன்னபடியே அது விழவில்லை.

அன்று மாலையே வந்து பார்த்த முதிய வயர்மேன் ஒருவர் பெட்டிக் கதவைத் திறந்ததும் சொன்னார்: "தம்பி, 30 மில்லியாம்பியர் கசிவுக்கே விழும் சுவிட்ச் இருந்த இடத்தில் 100 போட்டிருக்கிறார்கள். பிள்ளை பசியில் அழுகிறது. வாயைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்."

முதலில் வந்தவர் எதையும் அளக்காமல் மாற்றினார். பின்னால் வந்தவர் அளந்து பார்க்காமல் எதையும் தொடவில்லை. உங்கள் வீட்டுக்கு இந்த இரண்டாவது ஆளைக் கொண்டுவருவது எப்படி, அவர் வருவதற்குள் நீங்கள் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதைத்தான் கீழே எழுதுகிறேன். செந்தூல், செகாம்புட், கெப்போங், செராஸ், பழைய கிள்ளான் சாலை என்று கோலாலம்பூரைச் சுற்றி 1960களிலிருந்து 1980கள்வரை கட்டப்பட்ட தாமான்களின், அதாவது குடியிருப்புப் பகுதிகளின், வரிசை வீடுகளில் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். அவற்றில் பல, இப்போதைய மின்சார நிறுவனமான தெனாகா நேஷனல் 1990இல் உருவாவதற்கு முன், தேசிய மின்சார வாரியத்தின் காலத்தில் மின்சாரம் பெற்றவை. நாலைந்து விளக்கு, இரண்டு மின்விசிறி, ஒரு குளிர்பதனப் பெட்டி, ஒரு தொலைக்காட்சி என்று கணக்குப் போட்டு வயர் இழுத்த வீடுகள் அவை.

முதலில் உயிர்

யாருக்காவது ஷாக் அடித்து அவர் பொருளோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அவரைத் தொடாதீர்கள். மெயின் சுவிட்சை இறக்குங்கள், பிறகு 999ஐ அழையுங்கள். பெட்டியிலிருந்து புகையோ தீயோ வந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள்; எல்லோரையும் வெளியேற்றிவிட்டு அதே எண்ணை அழையுங்கள். கிட்டப் போக முடிந்தால் மட்டும் மெயினை இறக்குங்கள்.

விளக்குகள் சில பிரகாசமாகவும் சில மங்கலாகவும் மாறி மாறி எரிந்தால், மின்விசிறி திடீரென்று வேகம் பிடித்தால், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் எங்கோ விடுபட்டிருக்கலாம். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள, அதாவது மின்சாரம் மூன்று கம்பிகளில் வரும் வீட்டில் இது நடந்தால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் அதைவிட மிக அதிகமாக வந்து பொருள்களை எரித்துவிடும். யோசித்துக்கொண்டு நிற்காமல் மெயினை இறக்கிவிட்டு, தெனாகாவின் பழுதுப் புகார் எண்ணான 15454ஐ அழையுங்கள்.

பெட்டிக்குள் இருப்பவை என்ன

வயர்மேனிடம் பேசுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். தெரியாததால்தான் நாங்கள் முதல் ஆளிடம் ஏமாந்தோம்.

தெருவிலிருந்து வரும் கம்பி முதலில் தெனாகாவின் பியூஸுக்கும் மீட்டருக்கும் போகிறது. அதுவரை தெனாகாவின் பொறுப்பு. அங்குள்ள முத்திரையை நீங்களும் உடைக்கக் கூடாது, உங்கள் வயர்மேனும் உடைக்கக் கூடாது. மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் வரும் ஒவ்வோர் அங்குல வயரும் உங்கள் பொறுப்பு.

வீட்டுப் பெட்டியில் மெயின் சுவிட்ச் தவிர இரண்டு வகைக் காவல் இருக்கிறது. வரிசையாக நிற்கும் சிறு சுவிட்சுகள் எம்.சி.பி. ஒரு வயர் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினாலோ, வயரும் வயரும் நேரடியாக முட்டிக்கொண்டாலோ அவை விழும். அவை காப்பது வயரை. உங்கள் உடம்பு வழியாக மின்சாரம் தரைக்குப் போவதை அவற்றால் உணர முடியாது. 20 ஆம்பியர் எம்.சி.பி.யைப் பொறுத்தவரை ஓர் உயிரைக் கொல்லும் மின்சாரம் என்பது கணக்கிலேயே வராத தூசி.

உடம்பைக் காப்பது மற்றொன்று. நம் ஊரில் எல்லோரும் ஈ.எல்.சி.பி. என்று சொல்கிறோம், இப்போது கடையில் விற்கும் வகையின் பெயர் ஆர்.சி.சி.பி. 'டெஸ்ட்' என்று எழுதிய சிறு பொத்தான் இருப்பதை வைத்து அதை அடையாளம் காணலாம். போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. வித்தியாசம் வந்தால் ஏதோ ஒரு வழியாக மின்சாரம் கசிகிறது என்று பொருள், உடனே துண்டித்துவிடும். எவ்வளவு கசிவுக்குத் துண்டிக்கும் என்பதுதான் அதன் முகப்பில் மில்லியாம்பியர் கணக்கில் எழுதியிருக்கும் எண். 1994ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன: கையில் பிடித்துப் பயன்படுத்தும் பொருள்கள் உள்ள இடத்துக்கு 30 மில்லியாம்பியர், தரை ஈரமாக இருக்கக்கூடிய இடத்துக்கு 10, மற்றவற்றுக்கு 100. பிளக் பாயிண்டுகளுக்கு 30, குளியலறை ஹீட்டருக்கு 10, விளக்குகளுக்கு 100 என்று பிரித்துப் போடுவது அதனால்தான். எங்கள் வீட்டில் சமையலறைப் பிளக்குகளுக்கு 100 போட்டது விதிக்கே புறம்பானது.

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும். நம் நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எர்த் உண்டு. வீட்டோரம் மண்ணுக்குள் செம்பு பூசிய இரும்புக் கம்பி ஒன்றை அடித்து, அதிலிருந்து பச்சை வயரைப் பெட்டிக்குக் கொண்டுபோயிருப்பார்கள். இந்த ஏற்பாட்டில் கசிவு மின்சாரம் மண் வழியாகவே திரும்பவேண்டும். மண்ணின் தடை அதிகம் என்பதால், எம்.சி.பி.யை விழவைக்கும் அளவுக்கு மின்சாரம் ஓடாமல் போகலாம். ஆகவே ஈ.எல்.சி.பி. இல்லாத வீட்டில், அல்லது வேலை செய்யாத ஈ.எல்.சி.பி. உள்ள வீட்டில், ஷாக்குக்கு எதிராக எந்தக் காவலும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பி வீட்டின் வெளிச்சுவரோரம் எங்கே இருக்கிறது என்று இன்றே போய்ப் பாருங்கள். சிமெண்டு போட்டு வாசலைப் பெரிதாக்கும்போது அதை மூடிவிட்டவர்கள், வயரை அறுத்து எறிந்தவர்கள் எத்தனையோ பேர்.

டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். சுவிட்ச் விழவேண்டும். விழாவிட்டால் அதை மாற்றியே ஆகவேண்டும். ஆனால் பொத்தான் அந்தக் கருவியின் உடல்நலத்தை மட்டுமே சொல்கிறது. எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

சுவிட்ச் விழுந்தால்: பெட்டியைத் திறக்காமல் நீங்களே தேடும் முறை

முதலில் எது விழுந்தது என்று பாருங்கள். சிறு எம்.சி.பி. மட்டும் விழுந்திருந்தால் அதிலிருந்து போகும் வயர் வரிசையில் சுமை அதிகம், அல்லது ஒரு பொருள் உள்ளேயே முட்டிக்கொண்டிருக்கிறது. பொருள்களைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஈ.எல்.சி.பி. விழுந்திருந்தால் எல்லா எம்.சி.பி.களையும் இறக்குங்கள். ஈ.எல்.சி.பி.யை ஏற்றுங்கள். அது நின்றால், எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக, இடையில் சிறிது நேரம் விட்டு ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வரிசையில்தான் கசிவு. அந்த வரிசையில் செருகியுள்ள எல்லாப் பிளக்குகளையும் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது; பிளக் சுவிட்ச் பெரும்பாலும் மின்சாரத்தைக் கொண்டுவரும் லைவ் வயரை மட்டும்தான் துண்டிக்கிறது, நியூட்ரல் வழியாகவும் கசிவு நடக்கும். எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகு சுவிட்ச் நின்றால் குற்றவாளி ஒரு பொருள். பிடுங்கிய பிறகும் விழுந்தால் குற்றவாளி சுவருக்குள்ளோ கூரைக்குள்ளோ ஓடும் வயர். எல்லா எம்.சி.பி.களும் இறங்கியிருக்கும்போதே ஈ.எல்.சி.பி. விழுகிறதென்றால், பெரும்பாலும் ஒரு நியூட்ரல் வயர் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இந்த மூன்றில் எது என்பதை மட்டும் குறித்துவைத்துக்கொண்டு வயர்மேனிடம் சொன்னால், அவருடைய வேலையில் பாதி முடிந்துவிடும்.

எப்போது விழுகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதுங்கள். மழைக்குப் பிறகு மட்டும் விழுந்தால் வெளியே தேடச் சொல்லுங்கள்: வாசல் தூண் விளக்கு, அழைப்பு மணி, தானியங்கிக் கதவின் மோட்டார் பெட்டி, பின்கட்டில் தகரக் கூரைக்கடியில் நிற்கும் துணி துவைக்கும் இயந்திரம். கதவு மோட்டார் பெட்டிக்குள் எறும்புப் புற்றும் பல்லியும் இல்லாத வீடு அபூர்வம். இடி இடிக்கும்போது மட்டும் விழுந்தால் அது வேறு கதை. கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடி மின்னல் மிகுந்த இடங்களில் ஒன்று. அதற்கு மின்னல் அதிர்வைத் தாங்கும் தடுப்புக் கருவியைப் பெட்டியில் பொருத்தலாம். ஆனால் எர்த் நன்றாக இல்லாத வீட்டில் அதைப் பொருத்திப் பயனில்லை. எர்த்தைச் சரிசெய்யாமல் அதை மட்டும் விற்க வருபவரை நம்பாதீர்கள்.

விழுந்த சுவிட்சைத் திரும்பத் திரும்ப ஏற்றாதீர்கள். இரண்டு முறை ஏற்றியும் நிற்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். தீக்குச்சி, டேப், ரப்பர் எதையாவது வைத்து அதைத் தூக்கிப் பிடிப்பதைப் பற்றி நான் எழுதவே வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். இருந்தும் செந்தூலில் ஒரு வாடகை வீட்டில் அதை என் கண்ணால் பார்த்ததால் எழுதுகிறேன்.

பழைய வீடு காட்டும் அடையாளங்கள்

பீங்கான் பியூஸ் இன்னும் இருக்கிறதா? அதற்குள் இருக்கவேண்டிய மெல்லிய கம்பிக்குப் பதிலாக யாரோ இரண்டு மூன்று இழைகளை முறுக்கிக் கட்டியிருப்பார்கள். அது எரியாது, வயர்தான் எரியும். ஈ.எல்.சி.பி. மிகப் பழையதாக இருந்து, பச்சை வயர்கள் இரண்டு அதற்குள்ளேயே போய் முடிந்தால், அது மின்னழுத்தத்தைப் பார்த்து வேலை செய்யும் பழைய வகையாக இருக்கலாம். எர்த் வயர் வழியாகத் திரும்பும் கசிவை மட்டுமே அது அறியும். ஒருவர் லைவ் வயரை நேரடியாகத் தொட்டால் அது அசையாது. அதை மாற்றியே தீரவேண்டும்.

பிளக் பாயிண்டின் மேல் பழுப்புக் கறை, மீன் அழுகுவதுபோன்ற வாடை, கையை வைத்தால் தெரியும் சூடு ஆகியவை தளர்ந்த இணைப்பின் அடையாளங்கள். குளிர்பதனப் பெட்டியைத் தொடும்போது மெல்லிய சுருக்கென்ற உணர்வு வந்தால் "இது எப்போதும் இப்படித்தான்" என்று விடாதீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் விட்டோம்.

வயரின் நிறத்தையும் கவனியுங்கள். பழைய வீடுகளில் லைவ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. மூன்று ஃபேஸ் வந்தால் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் லைவ். புதிய பொருள்களின் வயரிலோ நீலம் என்றால் நியூட்ரல். ஐந்தாறு முறை புதுப்பித்த வீட்டில் இரண்டு முறைகளும் கலந்து கிடக்கும். இதனால்தான், 'நீலம்தானே' என்று நினைத்துச் சொந்தமாகத் திறந்து பார்க்காதீர்கள் என்கிறேன்.

பூசை அறையையும் பாருங்கள். இரவும் பகலும் எரியும் சிறு விளக்குகள், பண்டிகைக்குத் தொங்கவிட்டுக் கழற்றாமல் விட்ட சரவிளக்குகள், எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷனில், அதன் மேலே திரைச்சீலை. அந்த எக்ஸ்டென்ஷனில் தரச் சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள்.

சுமைக் கணக்கு

தீபாவளிக் காலையை எடுத்துக்கொள்வோம். எண்ணெய்க் குளியலுக்கு 3,600 வாட் ஹீட்டர், தண்ணீர் கொதிக்க 2,200 வாட் கெட்டில், பலகாரத்துக்கு 2,000 வாட் ஓவன், விருந்தினர் படுத்திருக்கும் இரண்டு அறைகளின் குளிர்சாதனங்கள் சேர்ந்து 2,000 வாட். மொத்தம் 9,800. அதை 230ஆல் வகுத்தால் ஏறத்தாழ 43 ஆம்பியர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வயர் இழுத்த வீட்டில் இது எங்காவது ஓரிடத்தில் இடிக்கும்.

இடிக்கும்போது கெட்ட ஆலோசனை ஒன்று வரும்: "20 எம்.சி.பி.யை எடுத்துவிட்டு 32 போடலாம்." சுவருக்குள் ஓடும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஒற்றை வழியாகப் போகிறதென்றால் 32 ஆம்பியரைத் தாங்காது. கூரைக்கடியில் வெயில் சூட்டில் அது தாங்கும் அளவு இன்னும் குறையும். சுவிட்ச் நிற்கும், வயர் உருகும். சரியான வழி, ஹீட்டருக்கும் ஓவனுக்கும் குளிர்சாதனங்களுக்கும் பெட்டியிலிருந்தே தனித்தனி வயர் இழுப்பது. மொத்தச் சுமையே போதாவிட்டால் இணைப்பைப் பெரிதாக்க அல்லது மூன்று ஃபேஸ் வாங்கத் தெனாகாவிடம் விண்ணப்பிக்கவேண்டும். அதைப் பதிவுபெற்ற மின் ஒப்பந்தக்காரர் உங்கள் சார்பில் செய்வார்.

யாரை அழைப்பது

எரிசக்தி ஆணையம், மலாய்ப் பெயரில் சுருஹான்ஜாயா தெனாகா, இரண்டு தரப்பைப் பதிவு செய்கிறது. ஒன்று, மின்வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்த நிறுவனம். மற்றொன்று, தகுதிச் சான்று பெற்ற தனி ஆளான வயர்மேன். மலாயில் அவரைப் பெண்டாவாய் என்பார்கள். அந்தச் சான்றிலேயே ஒரு ஃபேஸ் மட்டுமா, மூன்று ஃபேஸும் செய்யலாமா என்று குறிப்பிடப்பட்டிருக்கும். உங்கள் வீட்டில் மூன்று ஃபேஸ் என்றால் இது முக்கியம். நிறுவனப் பதிவையும் ஆளின் சான்றையும் இரண்டையும் கேளுங்கள். ஆணையத்தின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுச் சரிபார்க்கலாம். கேட்பதில் வெட்கம் வேண்டாம். நல்ல வயர்மேன் தன் அட்டையைக் காட்டுவதில் பெருமைப்படுகிறார்.

வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரம், ஹார்ட்வேர் கடைச் சுவரில் ஒட்டிய எண், கோயிலில் சந்தித்த ஒருவரின் மைத்துனர் எல்லாமே தொடக்கத்துக்குச் சரி. நம் சமூகத்தில் தெரிந்தவர் என்பதற்காகவே வேலையைக் கொடுத்துவிடும் பழக்கம் இருக்கிறது. அதில் அன்பு உண்டு. ஆனால் தெரிந்தவரிடமும் அட்டையைக் கேளுங்கள். எங்கள் முதல் ஆளும் தெரிந்தவர் மூலம் வந்தவர்தான்.

தொலைபேசியில் நான் இப்போது கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே, மெக்கர் கொண்டு வருவீர்களா?" மெக்கர் என்பது வயரின் மேலுறை எவ்வளவு நலமாக இருக்கிறது என்று 500 வோல்ட் செலுத்தி அளக்கும் கருவி. "அது எதற்கு, டெஸ்ட் பேனா போதும்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடுகிறேன். டெஸ்ட் பேனா லைவ் இருக்கிறதா என்று மட்டும் காட்டும், கசிவைக் காட்டாது.

முதல் வருகையில் என்ன நடக்கவேண்டும்

அந்த முதியவர் எங்கள் வீட்டில் செய்ததை அப்படியே சொல்கிறேன். இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

முதலில் உட்கார்ந்து கேட்டார்: எப்போது விழுந்தது, மழை நாளா, என்ன பொருள் ஓடியது, கூரை ஒழுகுகிறதா. பிறகு மெயினை இறக்கி, பெட்டியின் மூடியைக் கழற்றி, ஒவ்வொரு திருகையும் கையால் சோதித்தார். மூன்று திருகுகள் தளர்ந்திருந்தன. எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கச் சொன்னார். வரிசை வரிசையாக மெக்கரை வைத்தார். மெகாஓம் என்ற தடை அளவில் கூடம் 50க்கு மேல் காட்டியது. படுக்கையறைகளும் நன்றாகவே இருந்தன. சமையலறை வரிசை 0.04. குறைந்தது 1 மெகாஓமாவது இருக்கவேண்டும். "இதோ இருக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

ஏணி வைத்துச் சமையலறைக் கூரைத் திறப்பு வழியாக ஏறினார். கைவிளக்கு வெளிச்சத்தில் நானும் தலையை நீட்டிப் பார்த்தேன். மரச் சட்டத்தில் தகரக் கிளிப்புகளால் பதித்த பழைய வயர், ஒரு சாண் நீளத்துக்கு எலி கொறித்துச் செம்பு மின்னியது. அதோடு ஓடிய எர்த் வயர் இரண்டாக அறுந்து கிடந்தது. ஓடு ஒழுகிய ஈரம் மரத்தில் கறுப்பாகப் படிந்திருந்தது. மழை பெய்யும்போதெல்லாம் அந்த ஈரத்தின் வழியாக லைவிலிருந்து பெட்டிப் பக்கத்து எர்த் துண்டுக்குக் கசிவு. அதைத்தான் 30 மில்லியாம்பியர் சுவிட்ச் எங்களுக்கு மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது. அறுந்த எர்த்தின் மறுபாதி அதே ஈரத்தில் லைவைத் தொட்டுக்கொண்டு நேராகக் கிரைண்டரின் உடம்புக்குப் போனது.

இறங்கி வந்து எர்த் கம்பியின் தடையை அளந்தார். கடைசியாக, ஈ.எல்.சி.பி. எவ்வளவு நேரத்தில் துண்டிக்கிறது என்று பார்க்கும் கருவியை ஒரு பிளக்கில் செருகினார். குறிப்பிட்ட கசிவுக்கு 300 மில்லிவினாடிக்குள் துண்டிக்கவேண்டும் என்றார். எல்லா எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகுதான் வேலையைப் பற்றிப் பேசினார். இந்தச் சோதனைக்கு மட்டும் தனிக் கட்டணம் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். இலவசமாகப் பார்ப்பதாகச் சொல்பவர் அந்தக் காசை வேறு எதிலாவது எடுத்துக்கொள்வார்.

விலைப்பட்டியல்

நம் ஊரில் பாயிண்டுக்கு இவ்வளவு என்றுதான் விலை சொல்வார்கள். பாயிண்ட் என்றால் என்ன என்பதில்தான் சண்டை வரும். இரட்டைப் பிளக் ஒரு பாயிண்டா இரண்டா? மின்விசிறிக்கு ஒழுங்குப்பொத்தான் சேர்த்தா? பெட்டியிலிருந்து புதிதாக இழுக்கும் வயரா, பக்கத்துப் பிளக்கிலிருந்து கிளை எடுப்பதா? கிளை எடுப்பது மலிவு. ஹீட்டருக்கும் குளிர்சாதனத்துக்கும் அது கூடவே கூடாது.

எழுத்தில் இருக்கவேண்டியவை: எந்த வரிசைக்கு எத்தனை சதுர மில்லிமீட்டர் வயர், அதன் நிறுவனப் பெயர், பெட்டியில் எத்தனை இடம், ஈ.எல்.சி.பி. எத்தனை மில்லியாம்பியர், சுவரை வெட்டினால் பூசித் தருவது யார், பழைய வயரை அகற்றுவது யார், எத்தனை நாள், எத்தனை மாத உத்தரவாதம், சோதனைச் சான்றுகள் உண்டா. விளக்குகளுக்கு 1.5, பிளக்குகளுக்கு 2.5, ஹீட்டருக்கு 4 என்பது இங்கே வழக்கமான அளவுகள். இரண்டு மூன்று பேரிடம் வாங்கி ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் மிகக் குறைவாக இருந்தால், அதில் வயர் அளவும் எர்த்தும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.

பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். பொருள் வந்து இறங்கும்போது ஒரு பங்கு, வயர் இழுத்து முடித்ததும் ஒரு பங்கு, சோதனை முடிந்து தாள் கைக்கு வந்த பிறகு மீதி. முழுப் பணத்தையும் முன்னால் கேட்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

முழு வீட்டையும் மாற்றவேண்டுமா என்று கேட்பீர்கள். ரப்பர் உறை போட்ட மிகப் பழைய வயர் என்றால் ஆம், தொட்டாலே உதிரும். பிளாஸ்டிக் உறை வயர் என்றால் மெக்கர் எண் முடிவு செய்யட்டும். எங்கள் வீட்டில் சமையலறை, குளியலறை, பின்கட்டு ஆகிய மூன்றையும் எர்த் கம்பியையும் பெட்டியையும் மாற்றினோம். கூடமும் படுக்கையறைகளும் அப்படியே இருக்கின்றன. எல்லாவற்றையும் மாற்றியே ஆகவேண்டும் என்று ஓர் எண்ணும் காட்டாமல் சொல்பவரிடம் எண்ணைக் கேளுங்கள்.

வேலை நடக்கும்போது

சுவரைப் பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்துவையுங்கள், பக்கத்தில் அளவு நாடாவை நீட்டி வைத்து. பிற்பாடு ஆணி அடிக்கும்போது அந்தப் படம் உயிரைக் காக்கும். வயர் மேலிருந்து கீழாக நேராகவோ கிடையாகவோ போகவேண்டும். குறுக்காகச் சாய்த்து வெட்டினால் நிறுத்தச் சொல்லுங்கள். வரிசை வீட்டில் பக்கத்து வீட்டோடு பொதுவாக உள்ள சுவரை ஆழமாக வெட்டவிடாதீர்கள். அந்தச் சுவருக்குச் சுவரின் மேலேயே குழாய் வைத்து ஓட்டுவது மேல். கூரைக்குள் போகும் வயரைக் குழாய்க்குள் விடச் சொல்லுங்கள். எலி நுழையும் ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்து அடைக்காவிட்டால் இரண்டு ஆண்டுகளில் அதே ஏணி, அதே திறப்பு.

அட்டை காட்டியவர் ஒருவர், வேலைக்கு வந்தவர்கள் வேறு சிலர் என்பதும் நடக்கிறது. உதவியாளர்கள் வருவதில் தவறில்லை. இணைப்புக் கொடுக்கும்போதும் சோதனையின்போதும் சான்று பெற்றவர் நேரில் இருக்கவேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

தாள்கள், பிறகு வரும் மாதங்கள்

வயரிங் வேலை முடிந்ததும் ஜி படிவம், எச் படிவம் என்று இரண்டு சான்றுகள் உண்டு. முதலாவது, வேலை மேற்பார்வையோடு முடிந்தது என்பதற்கு. இரண்டாவது, சோதித்துப் பார்த்தாயிற்று என்பதற்கு. இணைப்பைப் பெரிதாக்குவது போன்ற வேலைகளில் இவை இல்லாமல் நகராது. சிறு பழுதுக்கு இவை வராவிட்டாலும், அளந்த எண்களையாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

வேலை மோசமாக இருந்து, அழைத்தும் வராமல் போனால், முதலில் எழுத்து மூலம் கேளுங்கள். பிறகு மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் போகவேண்டும். எழுத்தில் வாங்கிய விலைப்பட்டியலும் ரசீதும் படங்களும் அங்கேதான் பேசும். சான்றில்லாமல் மின்வேலை செய்பவரைப் பற்றி எரிசக்தி ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் ஒப்பந்தம் போடும்போதே ஈ.எல்.சி.பி.யின் பொத்தானை உங்கள் கண்முன்னால் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் பெட்டிக் கதவின் உட்புறத்தில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு சுவிட்சுக்கும் தமிழில் பெயர்: சமையலறை, குளியல் ஹீட்டர், பூசை அறை, வாசல் கதவு. அதற்குக் கீழே முதியவரின் கையெழுத்தில் மெக்கர் எண்கள். சமையலறைக்கு நேராக 100க்கு மேல் என்று இருக்கிறது. அதற்கும் கீழே கட்டம் போட்டு மாதப் பெயர்கள். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு பொத்தானை அழுத்தி, சுவிட்ச் விழுந்ததும் அம்மாதான் அதில் டிக் போடுகிறார்.